கிரீடமும் காலிங் பெல்லும்

லயாலா என்கிற பாட்டு ஆப்புக்கு உலகமெல்லாம் காது உண்டு என்று அவர்கள் விளம்பரம் சொல்லும். பொய் சொல்லவில்லை, பாவம். அந்தக் காதுகளில் தமிழ்க் காது நவி மும்பை சான்பாடாவில், டயர்க் கடைக்கு மேலே, லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் காதில் பாதி மாட்டுங்கா ஷ்யாமளாவுடையது. மீதி தாராவி நூர் நிஷாவுடையது.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் இவர்கள் இருவருக்கும் வேலையே கிடையாது. பாட்டோடு பேச்சையும் சேர்த்து விற்கலாம் என்று எந்த மகானுபாவனுக்கோ தோன்றியது. அன்றிலிருந்து வாய் உள்ளவனெல்லாம் ஒரு மைக்கை வாங்கி வைத்துக்கொண்டு பாட்காஸ்ட் ஆரம்பித்துவிட்டான். யாராவது புகார் கொடுத்தால் அந்த எபிசோட் சான்பாடாவுக்கு வரும். ஷ்யாமளா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பாள். கெட்ட வார்த்தை இருந்தால் தூக்கலாம், சண்டை மூட்டினால் தூக்கலாம், உடம்புக்குக் கேடான யோசனை சொன்னால் கண்டிப்பாகத் தூக்க வேண்டும். அப்படித்தான் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் சமர்த்தாக நம்பினாள்.

நாள் முழுக்க அடுக்கி வைத்திருப்பதைக் கேட்டு முடிக்க வேண்டும் என்றால் பேசுகிற வேகத்தில் கேட்டுக் கட்டுப்படியாகாது. எல்லாரும் இரட்டை வேகத்தில்தான் கேட்பார்கள். ஆபீசுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அது பழகிவிடும். அப்புறம் சாதாரணமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால், இவர்களுக்கு என்ன உடம்பு என்று தோன்ற ஆரம்பிக்கும்.

டீம் லீடர் சாஹில். அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம், இவன் பிறந்து வளர்ந்தது மான்குர்த். தமிழ் பேசுவான், அதுவும் ஹிந்தி தீர்ந்துபோனால். படிக்க வராது. அதனால்தானோ என்னவோ தமிழ்ப் பிரிவுக்கு அவனைத் தலைவனாகப் போட்டிருந்தார்கள். கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. மேலிடம் எதைச் சொன்னாலும் "ஹோ ஜாயேகா சார்", ஆகிவிடும் என்பான், கீழே எதைக் கேட்டாலும் "டென்ஷன் நை லேனேகா மேடம்", கவலைப்படாதீர்கள் என்பான். இந்த இரண்டு வாக்கியத்திலேயே ஒரு மனுஷன் பிரமோஷன் வாங்க முடியும் என்பதை ஷ்யாமளா அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

சட்டம் சட்டம்தான் என்பதற்கும் அங்கே உதாரணம் உண்டு. நூர் நிஷாவின் பக்கத்து வீட்டுக்காரி மதீனா பீவி, தாராவியில் இருந்துகொண்டு சமையல் பாட்காஸ்ட் ஒன்று நடத்தினாள். ஆட்டுக்கால் சூப் வைப்பது எப்படி என்று ஒரு நாள் சொன்னாள். காலை நெருப்பில் நன்றாக வாட்டணும், அப்புறம் எலும்பைத் தட்டி உடைக்கணும் என்றாள். மெஷின் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து சாஹில் முன்னால் வைத்தது. அவன் பதறிப்போய் 'உடல்ரீதியான சித்திரவதை' என்று எழுதி நிகழ்ச்சியையே மூடிவிட்டான். அது ஆட்டின் கால் என்று நூர் நிஷா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அப்படியானால் மிருக வதை என்று மேலிடம் திருத்திக்கொண்டது. மதீனா பீவி அதற்கப்புறம் ஆப்பை அழித்துவிட்டு, சூப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மதீனா பீவிக்கு இல்லாதது கிரீடம்.

லயாலா சில பேச்சாளர்களைக் கோடி கோடியாகக் கொட்டி வாங்கி வைத்திருந்தது. அவர்கள் வேறு எந்த ஆப்பிலும் வாய் திறக்கக் கூடாது. அவர்களுடைய நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு குட்டிக் கிரீடம் மின்னும். கிரீடம் வைத்தது புகாரில் வந்தால் திரையில் 'தூக்கு' என்ற பொத்தானே இருக்காது. 'கவனித்தோம்' என்று ஒரே ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் புகார் கொடுத்தவருக்கு நன்றி போகும், நிகழ்ச்சி அது பாட்டுக்கு ஓடும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவை யாரும் எதுவும் சொல்ல முடியாதல்லவா, அந்த மாதிரி.

தமிழில் கிரீடம் வைத்தவர்களில் முதல்வன் தேஜோமயன். முன்பு கோயம்புத்தூரில் மெத்தை விற்றுக்கொண்டிருந்தவன், குரல் மட்டும் பிரமாதம், வெல்லப் பாகு. 'மருந்து வேண்டாம் மக்களே' என்பது நிகழ்ச்சியின் பெயர். உடம்பில் வருகிற எல்லாமே விருந்தாளி, மருந்து கொடுத்து விரட்டாதே, உட்கார வைத்துப் பேசு என்பான். சனிக்கிழமை காலையில் நேரலை. நேயர்கள் போன் பண்ணுவார்கள். அப்புறம் அதே பேச்சு எபிசோடாக ஆப்பில் உட்கார்ந்துவிடும்.

அன்றைக்கு ஷ்யாமளாவிடம் வந்தது அவன் எபிசோட்தான். யாரோ ஒரு நல்லவர் புகார் கொடுத்திருந்தார். கிரீடம் மின்னியதைப் பார்த்ததுமே டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தாள். கிரீடத்தைக் கேட்பது சாப்பாட்டு நேரத்துக்கு என்று ஆபீசில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. இரட்டை வேகத்தில் ஓட விட்டாள்.

மும்பையிலிருந்து ஒரு நேயர், பேர் வேண்டாமே என்றார். கிடுகிடுவென்று பேசினார், கபடி கமென்ட்ரி மாதிரி. தேஜோமயன் சொன்னதைக் கேட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாராம். வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் வம்பு, அதனால் தினமும் மாத்திரையை மணி ப்ளான்ட் தொட்டிக்குள் போட்டுவிடுகிறாராம். செடி நன்றாகத் தழைக்கிறதாம்.

ஷ்யாமளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி நூர் நிஷாவுக்குச் சொன்னாள்.

"இப்படியும் ஒரு அசடு இருக்குமா? இவனோட ஆத்துக்காரிக்குக் கண்ணு எங்கே போச்சு? தொட்டில மாத்திரை கிடக்கறது தெரியாமயா தண்ணி விடறா?"

"யக்கா, சில வீட்டுல அப்படித்தான். ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான தெரியும்," என்றாள் நூர் நிஷா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எபிசோட் இன்னும் பாதி பாக்கி இருந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று ஷ்யாமளா மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே 'கவனித்தோம்' அமுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மணி ப்ளான்ட் தொட்டியைத் துடைக்கப் போன ஷ்யாமளா அப்படியே நின்றுவிட்டாள். மேல் மண்ணில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாத்திரைகள் கரைந்தும் கரையாமலும் கிடந்தன. விரலால் கிளறினாள். கிளறக் கிளற வந்தது. செடி தழைத்துத்தான் இருந்தது, கடன்காரச் செடி.

ஹாலில் அவள் புருஷன் சந்திரமௌலி காதில் குமிழை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். பரம சாது. பேச ஆரம்பித்தால் இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நிதானம். மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் காலில் வெள்ளை சாக்ஸ் வேறு. பூமியின் சூட்டை உடம்பில் தேக்குவதற்காம். பத்துப் பதினைந்து நாளாக அந்தக் கூத்தை ஷ்யாமளா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கேட்கத்தான் நேரமில்லை. இவரா கபடி கமென்ட்ரி? கட்டிக்கொண்டவள், அவள் காதிலேயே புருஷன் குரல் விழுந்தும் தெரியவில்லை. இரட்டை வேகத்தில் அவரும் மற்ற வீட்டுப் புருஷர்களைப் போல ஆகிவிட்டிருந்தார்.

கையில் மண்ணும் மாத்திரையுமாகப் போய் அவர் முன்னால் நீட்டினாள்.

"என்னன்னா இது?"

சந்திரமௌலி கண்ணைத் திறந்து பார்த்தார். குமிழைக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதற்குள் ஷ்யாமளாவுக்கு மூன்று கேள்வி சேர்ந்துவிட்டது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார்.

"ரேடியோக்காரன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா? நான் கேட்டாச்சு நீங்க பேசினதை. அவன் சொன்னா எல்லாம் வேதமா? நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். முதல்ல அந்த சாக்ஸைக் கழட்டுங்கோ, பார்க்கவே பத்திண்டு வரது."

காலைச் சட்டென்று சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அது அவருடைய வேகமே இல்லை.

"இதோ பாரு ஷ்யாமு. ஒரு மண்டலம் பொறுக்கச் சொல்லியிருக்கார். முடியட்டும். தப்பான விஷயம்னா உங்க ஆபீஸ்ல விட்டிருப்பாளா? நீதான் சொல்லுவே, புகார் வந்தா ஆள் வச்சுக் கேட்டுப் பார்க்கறான்னு. அந்த எபிசோடுக்குப் புகார் வந்துதாம், ஆபீஸ்ல பரிசீலனை பண்ணி சரின்னுட்டாளாம். அவரே சொன்னார். ஒரு ஆபீஸ் பார்த்து பாஸ் பண்ணின கேஸ். அதை நீயும் நானும் என்ன கேள்வி கேக்கறது?"

பரிசீலனை பண்ணின ஆபீஸ் கையில் மண்ணோடு அவர் எதிரே நின்றுகொண்டிருந்தது.

"உங்க ஆபீஸே அதைத் தூக்கினா நான் அன்னிக்கே மாத்திரையைப் போட்டுக்கறேன்," என்றார் அவர். சொன்னால் சொன்னதுதான். காலமெல்லாம் சீல் குத்தின காகிதத்தை நம்பிப் பிழைத்த மனுஷர். டாக்டர் ஒரு ஆள், ஆபீஸ் என்பது ஆபீஸ்.

மறுநாள் ஷ்யாமளா கிங்ஸ் சர்க்கிளில் வண்டி ஏறி வடாலாவில் மாறினாள். ஜிடிபி நகரில் நூர் நிஷா ஏறினாள். மான்குர்த் தாண்டி வண்டி கடல் கழிமேல் போகும்போது ஷ்யாமளா எல்லாவற்றையும் சொன்னாள். நூர் நிஷா சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல முழுசாக் கேளுங்க யக்கா, நிதானமா," என்றாள்.

நிதானமாகக் கேட்டாள். வேகத்தைக் குறைத்ததும் குரல் அவருடையதாகிவிட்டது. இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு. ஷ்யாமளாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணி ப்ளான்டுக்கு அப்புறம், அவள் மோர் மிளகாய் கடித்த இடத்துக்கு அப்புறம், அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கட்டைவிரலில் ஒரு புண், ஆற மாட்டேன் என்கிறது, கறுத்திருக்கிறது, கொஞ்சம் வாடை வருகிறது, சாக்ஸ் போட்டு மறைத்து வைத்திருக்கிறேன் என்றார்.

"பயமா இருக்கு சார். ஆத்துல சொன்னா ரொம்ப பயந்துடுவா. அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

"பயமே வேண்டாம் நேயரே," என்றது வெல்லப் பாகு. "உள்ளே தேங்கிய நஞ்சு வாசல் தேடி வந்திருக்கிறது. கத்தி வைக்கிறவனிடம் காட்டினால் வாசலை அடைத்துவிடுவான். ஒரு மண்டலம் பொறுங்கள். முடிந்ததும் நீங்களே நேரலைக்கு வந்து உங்கள் வெற்றிக் கதையைச் சொல்லுங்கள்."

ஷ்யாமளா ஹெட்போனை வீசிவிட்டுப் போனை எடுத்தாள். சந்திரமௌலி எடுத்தார். இப்போதே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நானும் வருகிறேன் என்றாள். அழுதாள், கெஞ்சினாள், திட்டினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பீல் பண்ணிப் பாரேன். ஆபீஸ் ஆர்டர் போட்டா வரேன்," என்று வைத்துவிட்டார்.

சாஹிலிடம் ஓடினாள்.

"மேடம், அது க்ரௌன் வாலா. டச் நை கர்னேகா, தொடக் கூடாது. நம்ம கையில என்ன இருக்கு, போலோ."

"என் ஆத்துக்காரர் கால் இருக்குடா அதுல."

அவன் முகம் நிஜமாகவே வாடியது. ஹிந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மேலிடத்துக்கு எழுதலாம் என்று சொல்லி, அவளை விட்டே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அனுப்பினான். மேலிடம் எந்தத் தேசத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பதில் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது. உங்கள் அக்கறைக்கு நன்றி. மாற்றுக் கருத்துகளுக்கு இடம் கொடுப்பது எங்கள் பெருமை. எபிசோடின் கீழே 'உடல்நலம் பற்றிய உரையாடல், ரசித்துக் கேளுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். நீங்கள் மன அழுத்தத்தில் இருப்பதாகத் தெரிகிறது, ஊழியர் நலனுக்காக ஒரு மன அமைதி நிகழ்ச்சியை இலவசமாக இணைத்திருக்கிறோம்.

ஷ்யாமளா அந்த இணைப்பை அமுக்கினாள். "வணக்கம் மக்களே, மூச்சை இழுத்து விடுங்கள்," என்றான் தேஜோமயன்.

"ஆட்டுக் காலுக்கு ஓடி வந்தானுங்க, மனுஷன் காலுக்கு ஒரு நாதியில்ல," என்றாள் நூர் நிஷா. திடீரென்று நிமிர்ந்தாள். "யக்கா, அந்த ஹிந்திக்காரன் க்ரௌன் ஷோ ஒண்ணு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? வெளிய போன ரிக்‌ஷாவுல சினிமாப் பாட்டு ஓடுச்சுன்னு."

ஷ்யாமளாவுக்கு ஞாபகம் வந்தது. லயாலா பயப்படுவது ஒரே ஒரு ஆளுக்குத்தான், பாட்டுக் கம்பெனிக்காரனுக்கு. அவன் கோபித்துக்கொண்டு பாட்டையெல்லாம் பிடுங்கிக்கொண்டால் லயாலா வெறும் ஊமை. அதனால் ஒவ்வொரு எபிசோடோடும் திரையில் வருகிற படிவத்தின் கடைசியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், 'அனுமதியில்லாத பாட்டு கேட்கிறதா' என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு 'ஆம்' போட்டால் கிரீடமும் பார்க்காது, கொம்பும் பார்க்காது. மனுஷர் யாரையும் கேட்காமல் எபிசோட் தானே கீழே இறங்கிவிடும்.

மறுபடி கேட்டாள். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். பயமா இருக்கு சார் என்று அவர் சொல்கிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், தூரத்தில், கீச்சுக் குரலில் ஒரு டியூன்.

அவள் வீட்டுக் காலிங் பெல்.

ரிட்டயரான சந்தோஷத்தில் சந்திரமௌலி மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி வந்த பெல். அமுக்கினால் பழைய ஹிந்திப் படத்து டூயட் ஒன்று பீப்பீ என்று பல்லவி முழுக்கப் பாடும். பால்காரன் வந்தாலும் டூயட், கொரியர் வந்தாலும் டூயட். அவள் அதைச் சபிக்காத நாள் கிடையாது. அன்றைக்கு இஸ்திரிக்காரன் அமுக்கியிருப்பான். சனிக்கிழமை அவன் வருகிற நேரம்தான் அது. உலகத்தில் வேறு எந்தக் காது கேட்டிருந்தாலும் யார் வீட்டிலோ போன் அடிக்கிறது என்று விட்டிருக்கும். மெஷினும் அப்படித்தான் விட்டிருந்தது.

ஷ்யாமளா 'ஆம்' என்று போட்டாள். படத்தின் பெயரையும் எழுதினாள். நூர் நிஷா வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் எபிசோட் போய்விட்டது.

வீட்டுக்கு ஓடி வந்தபோது சந்திரமௌலி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'எங்கள் விதிகளை மீறியதால் இந்த எபிசோட் நீக்கப்பட்டது' என்று திரையில் இருந்தது. எந்த விதி என்று லயாலா சொல்வதில்லை. அவரும் கேட்கவில்லை. ஆர்டர் வந்துவிட்டது. குனிந்து சாக்ஸை மெதுவாக உருவினார். பாதித் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஷ்யாமளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

செம்பூர் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போகும்போது அவளால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அன்னிக்கு அதை பாஸ் பண்ணினது நான்தான்," என்றாள். "உங்க குரல்னு தெரியலை. வேகமா ஓட விட்டுக் கேட்டேன். பாதியிலயே கவனித்தோம்னு அமுக்கிட்டேன்."

சந்திரமௌலி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் விழுந்து, எடுத்து, மறுபடி விழுந்தது.

"ஆத்துலயும் நீ அப்படித்தானே கேக்கறே ஷ்யாமு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள மீதியை நீயே சொல்லிடறே. அந்த மனுஷன் முழுக்கக் கேட்டான்."

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் சாதனா புண்ணைப் பார்த்துவிட்டு யாரையும் திட்டவில்லை. அந்த வாரம் தன்னிடம் வந்த மூன்றாவது தேஜோமயன் கால் இது என்று மட்டும் சொன்னாள். கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றாள். சந்திரமௌலி வீட்டுக்கு வந்தார். ஷ்யாமளா கையால் மாத்திரை கொடுத்தாள், வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அவரும் காட்டினார். மணி ப்ளான்ட் மட்டும் கொஞ்சம் வாடியது.

லீவு முடிந்து ஆபீஸ் போன முதல் நாளே அது அவள் திரையில் வந்து நின்றது. அதே எபிசோட், அதே கிரீடம். 'திருத்தி மீண்டும் வெளியிடப்பட்டது' என்று மேலே எழுதியிருந்தது. கேட்டாள், பேசுகிற வேகத்தில். காலிங் பெல்லை மட்டும் வெண்ணெயிலிருந்து முடியை எடுக்கிற மாதிரி அலுங்காமல் எடுத்துவிட்டிருந்தார்கள். பயமா இருக்கு சார் இருந்தது. நஞ்சு வாசல் தேடி வந்ததும் இருந்தது. கீழே ஒரே பொத்தான்.

அவள் அதை அமுக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபீசில் கேட்டதை வீட்டில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

சந்திரமௌலி கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னிக்குத் தூக்கினது, அவன் சொன்னது தப்புங்கறதுக்காக இல்லையா?"

"இல்லை. பெல்லுக்காக."

"பெல்லுக்காக," என்றார் அவர். காலமெல்லாம் ஆபீசை நம்பிய மனுஷருக்கு அது கட்டைவிரல் போனதை விட வலித்தது என்று முகத்திலேயே தெரிந்தது. ஷ்யாமளாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒரு தடவை அடிச்சா அதை மட்டும் வெட்டிடறா," என்றார் கடைசியில். "முழுக்க அடிச்சிண்டே இருந்தா எதை வெட்டுவா?"

அவள் அவரையே பார்த்தாள்.

"மண்டலம் இந்த சனிக்கிழமை முடியறது. வெற்றிக் கதை சொல்லக் கூப்பிடச் சொல்லியிருக்கானே," என்றார். "நேரலைல கேக்கறவா கேக்கட்டும். அப்புறம் அவனோட எபிசோடும் போகட்டும்."

சனிக்கிழமை ட்யூட்டி நூர் நிஷாவுக்கு. அவளுக்குப் போன் பண்ணியபோது, "நீங்க அடிங்க யக்கா, புகார் வந்ததும் நா ஆம்னு போடுதேன். வேலை போனாப் போவட்டும், மதீனா பீவி கூட சூப் விக்கப் போயிருதேன்," என்றாள்.

அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே இணைப்புக் கிடைத்துவிட்டது. வெற்றிக் கதை என்றால் அங்கே ராஜ மரியாதை. ஷ்யாமளா கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வெளியே படிக்கட்டு ஓரத்தில் நின்றாள். உள்ளே சந்திரமௌலி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பெல்லை அமுக்கினாள். டூயட் ஆரம்பித்தது.

"வணக்கம் சார். என் பேர் சந்திரமௌலி. மாட்டுங்கா. போன தடவை பேர் சொல்லலை, இப்ப சொல்றேன்."

ஒரு மூச்சு.

"உங்க பேச்சைக் கேட்டேன். எனக்கு இப்போ கால்ல ஒன்பது விரல்."

மறுமுனையில் என்ன சொன்னானோ தெரியவில்லை.

"அதுவா, எங்காத்துக் காலிங் பெல் சார். யாரோ வந்திருக்கா. நீங்க வச்சுடாதீங்கோ, நான் மெதுவாத்தான் பேசுவேன். என்னை மாதிரி யாராவது சாக்ஸ் போட்டுண்டு கேட்டுண்டிருப்பா. அவா முதல்ல அதைக் கழட்டி ஆத்துல காட்டட்டும்."

டூயட் முடிந்தது. ஷ்யாமளா மறுபடி அமுக்கினாள். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டே போனார். ஒவ்வொரு வார்த்தையையும் அவள் முழுதாகக் கேட்டாள். கண்ணைத் துடைக்க ஒரு கையும் பெல்லுக்கு ஒரு கையுமாக நின்றாள்.

துணி மூட்டையோடு படியேறி வந்த இஸ்திரிக்காரன், திறந்து கிடக்கிற வீட்டின் சொந்தக்காரி வாசலில் நின்று பெல் அடிப்பதை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"பாபிஜி, தர்வாஜா குலா ஹை," என்று திறந்திருந்த கதவைக் காட்டினான்.

"மாலூம் ஹை பையா, தெரியும்," என்று சொல்லிவிட்டு ஷ்யாமளா இன்னொரு தடவை அமுக்கினாள்.